உமையாள் எறும்பும் பர்மாத் தேக்கும்

1

சென்ற செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று தபாலில் வந்தது, மற்றது மின்னஞ்சலில்.

தபாலில் வந்தது குடியுரிமைப் பிரிவின் கடிதம். இருபத்திரண்டு வருடங்களாக நான் ஜெர்மனியில் வரி கட்டி, குப்பையை நான்கு தொட்டிகளில் பிரித்துப் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரில் ஆணி அடிக்காமல் வாழ்ந்து வருகிறேன். அதையெல்லாம் பரிசீலித்து, என்னை இந்த நாட்டுக் குடிமகனாக ஏற்பதில் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதியிருந்தார்கள். மகிழ்ச்சி என்ற சொல் கடிதத்தில் எங்கும் இல்லை. இந்த ஊர் அலுவலகங்களில் ஆட்சேபணை இல்லை என்று சொல்வதே ஆரத்தி எடுப்பதற்குச் சமம்.

மின்னஞ்சல் கிளாரா அனுப்பியது. கிளாரா என்னோடு வேலை பார்ப்பவர், என்னைவிட இருபது வயது இளையவர், அடுத்த அறையில்தான் இருக்கிறார். அடுத்த அறையில் இருப்பவர் எழுந்து வந்து சொல்லாமல் மின்னஞ்சல் அனுப்பினால் சேதி நல்லதாக இருக்காது. இருக்கவில்லை. 'உங்கள் கொத்தமங்கலம் எறும்பு தனி இனம் அல்ல என்று தெரிகிறது. பர்மாவிலிருந்து நெடுங்காலம் முன்பே பெயரிடப்பட்ட இனமும் இதுவும் ஒன்றுதான். மரபணு முடிவை இணைத்திருக்கிறேன். வருந்துகிறேன்' என்று இருந்தது. இதில் வருத்தம் என்ற சொல்லாவது இருந்தது.

ஆக ஒரே காலையில் நான் இந்தியன் இல்லாமல் போகும் நிலைக்கு வந்தேன், என் எறும்பும் அப்படியே. என்னைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. எறும்புக்கு என் ஆத்தாவின் பெயர் வைத்திருந்தேன். எங்கள் வீடுகளில் அம்மாவை ஆத்தா என்றும் அப்பாவை அப்பச்சி என்றும்தான் கூப்பிடுவோம். எண்பத்தொரு வயதில் கொத்தமங்கலத்தில் இருக்கும் ஆத்தாவிடம், 'உங்கள் பெயரில் இனி எறும்பு இல்லை' என்று எப்படிச் சொல்வது என்பதுதான் கவலை.

2

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை ஊர்க்காரர்களுக்குப் புரியவைக்கும் முயற்சியை எப்போதோ விட்டுவிட்டேன். ஒரு அருங்காட்சியகத்தில் எறும்புப் பிரிவுக்கு நான் பொறுப்பு. பிரிவு என்றால் பெரிய ஆள் படை ஒன்றும் இல்லை. நான், கிளாரா, பிறகு காகித நுனியில் ஒட்டிக் குண்டூசியில் குத்தி இழுப்பறை இழுப்பறையாக அடுக்கி வைத்த எறும்புகள். எது எதற்குப் பங்காளி, எது எப்போது தனிக்குடித்தனம் போனது என்று பார்த்து எழுதுவது எங்கள் தொழில்.

ஒருமுறை காரைக்குடியில் ஒரு கல்லூரியில் பேச அழைத்தார்கள். எறும்புகள் குளவிகளின் வம்சத்தில் வந்தவை, இறக்கையைப் பெரும்பாலும் துறந்துவிட்டு மண்ணில் இறங்கி நடந்த குளவிகள் என்றே சொல்லலாம், தேனீக்கள் அவற்றுக்கு நெருங்கிய உறவு என்று விளக்கினேன். கறையானை ஆங்கிலத்தில் வெள்ளை எறும்பு என்று சொன்னாலும் அதற்கும் எறும்புக்கும் சம்பந்தமே இல்லை, அது கரப்பான் வீட்டுப் பிள்ளை என்றும் சொன்னேன். கூட்டம் அமைதியாகக் கேட்டது. கேள்வி நேரத்தில் முதல் வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, "அதெல்லாம் சரிங்க சார், அந்தக் கரப்பான் வீட்டுப் பிள்ளைக்கு மருந்து என்ன அடிக்கலாம்?" என்று கேட்டார். இரண்டாவது கேள்வியும் அதுவேதான்.

ஆனால் உண்மையில் இந்தத் தொழிலுக்கு எங்கள் ஆட்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடையாது. முன்பின் தெரியாத செட்டிநாட்டு நகரத்தார் இரண்டு பேர் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தால் திருச்சி வருவதற்குள் மூன்று கேள்விகள் முடிந்திருக்கும். எந்த ஊர், எந்தக் கோயில், யார் வீடு. இங்கே கோயில் என்பது சாமி கும்பிடப் போகிற கோயில் அல்ல. எங்களுக்குள் ஒன்பது கோயில்கள் உண்டு, பிறந்த வீடு அதில் எதைச் சேர்ந்தது என்பது கேள்வி. ஒரே கோயில் என்றால் பங்காளி, பெண் எடுக்கலாமா என்ற பேச்சை ஆரம்பிக்கவே யோசிப்பார்கள். முகஜாடையை யாரும் பார்ப்பதில்லை. எதிர்வீட்டுப் பையனுக்கு என் மூக்கே இருந்தது, அவன் எனக்கு ஒன்றும் ஆக மாட்டான். என்னைப் போல் ஒரு அம்சமும் இல்லாத குண்டுப் பையன் ஒருவன் என் பங்காளி.

எறும்பு விஷயத்தில் இந்தப் பாடத்தை உலகம் ரொம்பத் தாமதமாகத்தான் கற்றது. இடுப்பில் ஒரு கணுவா இரண்டு கணுவா, கொடுக்கு உண்டா, கண் எவ்வளவு பெரியது என்று ஜாடை பார்த்தே நெடுங்காலம் குடும்பம் பிரித்தார்கள். மண்ணுக்கடியில் வாழும் எறும்புகளுக்கெல்லாம் கண் சிறுத்து, நிறம் வெளுத்து, உடம்பு ஒடுங்கிப்போகும். பார்த்தவர்கள் எல்லாம் ஒரே வீடு என்று எழுதிவைத்தார்கள். மரபணுவைப் பார்க்க ஆரம்பித்ததும் அதில் பல ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாதவை என்று ஆனது. ஒரே மாதிரி இருட்டில் பிழைத்ததால் ஒரே மாதிரி முகம் வந்துவிட்டது, அவ்வளவுதான். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. வெளிநாட்டில் ஒரே அடுக்குமாடியில் இருபது வருடம் இருந்தால் குஜராத்திக்காரருக்கும் எனக்கும்கூட ஒரே முகம் வந்துவிடுகிறது.

3

அப்பச்சியின் முதல் வருடத் திதிக்கு ஊருக்குப் போயிருந்தபோதுதான் அந்த எறும்பைப் பார்த்தேன்.

கொத்தமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். ஐந்து பங்காளிகளுக்குப் பொது. உள்ளே வளவு என்று சொல்கிற உள்கட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் மரத் தூண்கள். சமையல்காரர் சிந்திய பாயசத்தை நோக்கி அந்தத் தூண்களில் ஒன்றிலிருந்து ஒரு வரிசை இறங்கி வந்துகொண்டிருந்தது. கரும்பழுப்பு நிறம், வயிறு அரசிலை வடிவம். விரலைக் கிட்டே கொண்டுபோனதும் அந்த வயிற்றை முதுகுக்கு மேலே தூக்கிக் காட்டின. எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருக்க, நான் தூணைக் கட்டிக்கொண்டு பூதக்கண்ணாடியோடு நின்றேன். அப்பச்சி போன துக்கம் பிள்ளையை இப்படி ஆக்கிவிட்டது என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்களாம்.

இங்கே கொண்டுவந்து பார்த்தேன். வயிற்றைத் தூக்கும் அந்தப் பேரினத்துக்குக் கிரெமடோகாஸ்டர் என்று பெயர், இந்தியாவிலேயே அதற்கு ஏகப்பட்ட கிளைகள். இந்தியா, இலங்கை சம்பந்தமாக எழுதப்பட்ட எதனோடும் என் எறும்பு ஒத்துப்போகவில்லை. அடுத்த பயணத்தில் குன்றக்குடி மலையில் தேடினேன், சிங்கம்புணரித் தென்னந்தோப்புகளில் தேடினேன். இல்லை. கொத்தமங்கலத்திலேயே வேறு நான்கைந்து பெரிய வீடுகளில் மட்டும் இருந்தது. எல்லாம் பழைய வீடுகள். ஒரு தோப்பிலோ காட்டிலோ ஒன்றுகூட இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. எங்கள் மண்ணுக்கே உரிய எறும்பு என்று இருபது பக்கம் எழுதி, ஆத்தாவின் பெயரை வைத்தேன்.

ஆத்தாவின் பெயர் உமையாள். இலத்தீன் விதிப்படி பின்னால் ஒரு வால் சேர்க்க வேண்டும், அது 'உமையாளே' என்று ஆனது. யாரோ அடுப்படியைப் பார்த்துக் கூப்பிடுவதுபோல் இருந்தது. எறும்பின் பெயருக்குப் பின்னால் பெயர் வைத்தவரின் குடும்பப் பெயரையும் போடுவது மரபு. எனக்கு ஏது குடும்பப் பெயர்? முதல் விசாப் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்றதால் அப்பச்சியின் பெயரை எழுதினேன். அன்றிலிருந்து இந்த நாட்டில் என்னை எல்லோரும் வயிரவன் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அப்பச்சியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல நானும் திரும்பிப் பார்க்கிறேன். ஆக எறும்பின் முழுப்பெயர் 'கிரெமடோகாஸ்டர் உமையாளே வயிரவன்'. கல்யாணப் பத்திரிகை மாதிரி அமைந்துவிட்டது.

போனில் சொன்னபோது ஆத்தாவுக்கு முதலில் பிடிக்கவில்லை.

"எறும்புக்கா என் பேர வச்ச? ஒரு மயிலு, ஒரு மானு, ஒண்ணும் ஆப்புடலையா ஒனக்கு?"

"அதெல்லாம் முன்னாலயே பேர் வச்சு முடிச்சுட்டாக ஆத்தா."

"கடிக்குமா?"

"லேசாக் கடிக்கும்."

"அப்பச் சரி" என்றார். ஒரு வாரத்தில் கொத்தமங்கலம் முழுவதற்கும் விஷயம் தெரிந்திருந்தது.

4

வீட்டின் முன்பகுதியைப் பெரியப்பச்சி மகன் சொக்கலிங்கம் அண்ணன் பாரம்பரிய விடுதியாக மாற்றிவிட்டார். பிரான்சிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் வந்து தங்குகிறார்கள், வாழை இலையில் சாப்பிட்டுவிட்டுத் தரையைப் படம் எடுக்கிறார்கள். ஆத்தா தன் பங்குக்கு உள்ள இரண்டு அறைகளையும் விட்டுக் கொடுக்காமல் அங்கேயே இருக்கிறார். அறை வாசலுக்கு நேரே அந்தத் தூண்.

அண்ணன் தூணுக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைத்தார். 'உலகில் இங்கு மட்டுமே வாழும் எறும்பு' என்று மூன்று மொழிகளில். கீழே இலத்தீன் பெயர். வருகிறவர்களுக்கு ஆத்தாவே அதை வாசித்துக் காட்டுவார். உமையாளே வரைக்கும் கணீரென்று வாசிப்பார். அப்புறம் புருஷன் பெயர் வருகிறது அல்லவா, அதைச் சொல்ல மாட்டார். "மிச்சத்த நீங்களே படிச்சுக்கங்க" என்று கையைக் காட்டுவார். பிரெஞ்சுக்காரர்களுக்கு இது புரியாது. ஆனாலும் தலையாட்டுவார்கள்.

மாதம் ஒருமுறை பூச்சிமருந்து அடிக்கிறவர் வருவார். அன்று காலையிலேயே ஆத்தா நாற்காலியைத் தூணோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்துவிடுவார். "அங்குட்டு எங்க வேணாலும் அடிச்சுக்கங்க. இங்குட்டு மட்டும் வராதீக" என்று சொல்லிவிடுவார். மருந்தடிக்கிறவர் இதை ஒருமுறை என்னிடம் புகாராகவே சொன்னார்.

எனக்கும் இந்த எறும்பால் ஒரு வசதி இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மார்கழியில் அருங்காட்சியகச் செலவிலேயே பணிப்பயணமாக ஊருக்கு வர முடிந்தது. வளவில் மூன்று வாரம் இருப்பேன். எறும்பு வரிசையைப் பார்த்துக் குறிப்பு எழுதுவேன், ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்து எந்தக் கூட்டிலிருந்து எப்போது இறக்கை முளைத்த எறும்புகள் பறந்தன என்று சொல்வார். பெருந்தொற்றுக் காலத்தில் பயணம் நின்றது. மரபணு பார்க்கப் புது எறும்புகள் தேவைப்பட்டன, பழையவை காய்ந்துபோயிருந்தன. எறும்பைப் பிடித்துச் சாராயத்தில் போட்டு வைக்க முடியுமா என்று போனில் கேட்டேன்.

"எண்பது வயசு நெருங்கயில என்னைச் சாராயக் கடைக்குப் போகச் சொல்றியே" என்றார்.

ஊரடங்கில் அதுவும் கிடைக்காது என்று தெரிந்ததும் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். விடுதிக்காக அண்ணன் வாங்கி அடுக்கியிருந்த சானிட்டைசர் பாட்டில்களில் ஒன்றை எடுத்து, தினமும் பத்துப் பத்து எறும்பாகச் சின்னத் தூரிகையால் தொட்டு அதில் இறக்கியிருக்கிறார். வெளியே காகிதம் ஒட்டி, தேதி, நேரம், வெயிலா மழையா என்பது வரை எழுதியிருந்தார். அனுமதிகளெல்லாம் கைக்கு வந்து அந்தப் பாட்டில் இங்கே சேர ஒன்றரை வருடம் ஆனது. பாட்டிலைவிட அனுமதிக் காகிதங்களுக்குக் கனம் அதிகம். கிளாரா திறந்து பார்த்துவிட்டு, இவ்வளவு ஒழுங்கான சேகரிப்பைப் பேராசிரியர்களிடம்கூடப் பார்த்ததில்லை என்றார். அதன்பின் ஆத்தா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்க ஆரம்பித்தார். "என் எறும்பு என்னாச்சு? பாத்தாச்சா?"

பார்த்தாகிவிட்டது. அந்தப் பாட்டிலிலிருந்து எடுத்த மரபணுதான் ஆத்தாவின் பெயரைத் தூக்கியது. அவ்வளவு கவனமாகப் பிடித்திருக்காவிட்டால் முடிவு இவ்வளவு தெளிவாக வந்திருக்காது என்று கிளாரா எழுதியிருந்தார்.

5

மின்னஞ்சலைப் படித்துவிட்டுக் கிளாராவின் அறைக்குப் போனேன். அவர் கணினியில் உறவு மரத்தைத் திறந்து காட்டினார். என் எறும்பு இந்திய எறும்புகளின் கிளையில் இல்லை. தள்ளிப் போய், பர்மாவிலிருந்தும் தாய்லாந்து எல்லையிலிருந்தும் வந்த எறும்புகளோடு ஒரே கொத்தில் உட்கார்ந்திருந்தது, இடையில் ஒரு மயிரிழை இடைவெளிகூட இல்லாமல். அந்த இனத்துக்குப் பெயர் வைத்தவருக்கு அந்தக் காலத்தில் இறக்கை உள்ள ஒரே ஒரு ராணி மட்டும் கிடைத்திருந்தது. வேலைக்கார எறும்பு எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் வேலைக்கார எறும்பை வைத்துக்கொண்டு புது இனம் என்று எழுதிவிட்டேன்.

"ஒன்று கேட்கலாமா? அந்தத் தூண் என்ன மரம்?" என்றார் கிளாரா.

"எங்கள் வீட்டு மரம்" என்றேன்.

"மரம் எங்கிருந்து வந்தது?"

"பர்மாவிலிருந்து. கப்பலில்" என்று சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. எறும்பும் அதே கப்பலில்தான் வந்திருக்கிறது.

செட்டிநாட்டுக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. எங்கள் வீட்டுத் தேக்கு பர்மாத் தேக்கு என்பது கைக்குழந்தைக்கும் தெரியும், வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வதே அதைத்தான். ஆனால் அந்தத் தூண் அந்நிய மரம் என்று ஒருநாளும் எங்களுக்குத் தோன்றியதில்லை. பர்மா என்பது மரத்தின் தரத்தைச் சொல்லும் சொல், அது ஒரு ஊரின் பெயர் என்பது மறந்தே போய்விட்டது. அதனால்தான் இந்தியா, இலங்கை எறும்புகளின் இழுப்பறைகளை எல்லாம் திறந்து பார்த்த நான், நான்கு அடி தள்ளியிருந்த பர்மா இழுப்பறையைத் திறக்கவே இல்லை. ராணி அதற்குள்தான் இருந்தது.

அதே வாரம் குடியுரிமை அலுவலகத்துக்கும் போக வேண்டியிருந்தது. என்ன வேலை என்று அங்கிருந்த பெண்மணி கேட்டார். என் ஜெர்மன் பதற்றமான நேரத்தில் கைவிட்டுவிடும். உறவுமுறைகளை ஆராய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தன் அக்காவும் அக்காள் கணவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை, அதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டார். எறும்பு என்று சொன்னதும் ஏமாற்றத்தோடு முத்திரையை எடுத்தார். இந்தியக் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், இனிக் கொத்தமங்கலத்துக்குப் போக நான் 'வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்' என்று ஒரு அட்டை வாங்க வேண்டும். எறும்பு எந்த அட்டையும் இல்லாமல் வந்து சேர்ந்தது ஞாபகம் வந்தது.

வீட்டில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குப் பதினேழு வயது. தமிழ் புரியும், பதில் பாதித் தமிழில் வரும்.

"அப்பா, அந்த எறும்புக்கு இது தெரியுமா?"

"எதும்மா?"

"அது ஃபாரின் எறும்புன்னு."

"தெரியாது."

"அப்ப யாருக்குப் பிராப்ளம்?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள். இந்த ஊரில் பிறந்தவளிடம், 'நீ எந்த ஊர்?' என்று பள்ளியில் வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார். அவளுக்கு அந்தக் கேள்வியே அலுத்துவிட்டது.

6

இந்த முடிவைச் சொல்லித் தான் எழுதும் கட்டுரையில் என் கையெழுத்தும் வேண்டும் என்று கிளாரா நினைத்தார். அவசரம் இல்லை என்றும் சொன்னார். அவசரம் இல்லாததுதான் தொந்தரவாகப் போயிற்று.

தப்பிக்க ஒரு சந்து இருந்தது. தனி இனம் இல்லை, ஆனால் கொஞ்சம் வேறுபட்ட உள்ளினம் என்று எழுதினால் உமையாள் என்ற பெயர் மூன்றாவது பெயராக ஒட்டிக்கொண்டு பிழைக்கும். அதற்கு ஒரு வித்தியாசமாவது காட்ட வேண்டும். மூன்று நாட்கள் நுண்ணோக்கியில் குனிந்து இரண்டு ஊர் எறும்புகளின் முதுகு ரோமங்களை எண்ணினேன். முதல் நாள் கொத்தமங்கலத்து எறும்புக்கு இரண்டு ரோமம் கூடுதலாக இருந்தது. இரண்டாம் நாள் பர்மா எறும்புக்குக் கூடுதலாக இருந்தது. மூன்றாம் நாள் எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது.

எப்படியோ விஷயம் தெரிந்து சொக்கலிங்கம் அண்ணன் கூப்பிட்டார். எப்படியோ என்ன, நான்தான் மனது கேட்காமல் ஒரு செய்தி அனுப்பியிருந்தேன்.

"தம்பி, நீ அத எங்கிட்டோ ஒரு மூலையில எழுதிக்க. எவன் படிக்கப்போறான்? இங்குட்டுப் பலகை பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

"பொய்யாகிடும்ல அண்ணே."

"என்னப்பா பொய்யி? வர்றவுகளுக்கு இந்த ஊர்ல நூறு பொய் சொல்றோம், எல்லாத்தையும் படம் எடுத்துக்கிட்டுத்தான் போறாக. சரி, அது கெடக்கட்டும். சின்னாத்தாகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லண்ணே."

"சொல்லாத" என்றார். "அவுகளுக்கு வேற என்ன இருக்கு சொல்லு. காலையில எந்திரிச்சா அந்தத் தூணு. ராத்திரி படுக்கப் போகையில அந்தத் தூணு. நான் வேணும்னா இன்னும் ரெண்டு வருசத்துக்கு மருந்து அடிக்க ஆளே கூப்புடல."

அவர் சொன்னது சரிதான் என்பதுதான் என்னைப் படுத்தியது. சொல்லாமலே இருந்துவிடலாம். எண்பத்தொரு வயதில் ஒரு இலத்தீன் பெயர் செல்லாமல் போனது ஆத்தாவுக்குத் தெரிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரும், என் எறும்பு என்னாச்சு என்று கேட்பார், நான் இன்னும் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும். தினமும் பத்துப் பத்து எறும்பாகப் பிடித்து வெயில் மழை குறித்தவரிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுக் கிளாராவிடம் கொடுத்தேன். இழுப்பறையில் எறும்புகளுக்கு மேலிருந்த பழைய பெயர்ச்சீட்டை எடுத்துவிட்டுப் புதுச்சீட்டை வைத்தேன். நான் எழுதி ஒட்டிய சீட்டு, கோந்து பலமாக இருந்தது.

7

அன்றைக்கே ஆத்தாவைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். வழக்கம்போல போனைத் தூணில் சாய்த்து வைத்திருந்தார், அதனால் எனக்கு அவர் முகத்தில் பாதியும் ஓட்டு விளிம்பில் கொஞ்சம் வானமும் தெரிந்தன.

"என்னப்பா, ஞாயித்துக்கெழமதான கூப்புடுவ? பிள்ளை நல்லா இருக்கா?"

"எல்லாரும் நல்லா இருக்கோம். நீங்க அனுப்புன எறும்பப் பாத்துட்டோம் ஆத்தா."

"பாத்துட்டியளா? கெட்டுப்போகாம இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு. அதாலதான் எல்லாம் தெரிஞ்சுச்சு" என்று ஆரம்பித்து, ஒரே மூச்சில் சொன்னேன். அது நம் ஊர் எறும்பே இல்லை, தேக்குக்குள் இருந்துகொண்டு கப்பலில் வந்திருக்கிறது, அதற்குப் பர்மாவில் முன்பே பெயர் வைத்துவிட்டார்கள், முதலில் வைத்த பெயர்தான் நிற்கும்.

ஆத்தா தூணை நிமிர்ந்து பார்த்தார்.

"தூணு பர்மாவுல இருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியுமே. எங்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்ல" என்றார்.

"தப்பு என் மேலதான்."

"அப்ப என் பேரு?"

"அழிக்க மாட்டாக. அந்தப் பேருக்குக் கீழ, சின்ன எழுத்துல, இப்புடியும் ஒருக்கா சொன்னாகன்னு எப்பவும் இருக்கும்."

"அது போதும்ப்பா. சின்ன எழுத்துன்னா என்ன, கண்ணாடி போட்டுக்கிட்டா தெரியும்" என்றார். இதற்கா இத்தனை நாள் தூங்காமல் கிடந்தோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஆனால் ஆத்தா போனை வைக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

"அப்ப ஆராய்ச்சி முடிஞ்சுபோச்சா?"

"இந்த எறும்பப் பத்தி முடிஞ்ச மாதிரிதான் ஆத்தா."

"வேற எறும்பு எதுவும் இங்குட்டு வேணுமா ஒனக்கு? பின்கட்டுல செவப்பா ஒண்ணு ஓடுது. அதப் புடிச்சு வைக்கவா?"

"அது எல்லா எடத்துலயும் இருக்குற எறும்பு ஆத்தா."

"ம்" என்றார். பிறகு கேட்டார்: "அப்ப வர்ற மார்கழிக்கு எதப் பாக்க வருவ?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. மருந்தடிக்கிற நாளில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது, தூரிகையால் தொட்டுத் தொட்டுப் பிடித்தது, ஞாயிறுதோறும் கேட்டது. நான் அவர் பெயரைக் காப்பாற்ற ரோமம் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் காப்பாற்றிக்கொண்டிருந்தது வேறு. எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஒங்களப் பாக்கத்தான் வருவேன் ஆத்தா" என்றேன்.

"அதுக்கெல்லாம் அங்க லீவு குடுப்பாகளா?" என்று கேட்டார். குத்திக்காட்டும் தொனியே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக விடுப்புப் படிவம் ஒன்றை எடுத்தேன். பணிப்பயணப் படிவத்தில் பயணத்தின் நோக்கம் என்று அரைப்பக்கம் விட்டிருப்பார்கள், கொத்தமங்கலத்துக்குப் போக அதில் எழுதி எழுதிக் கை பழகியவன் நான். இது வேறு படிவம். மனைவி, மகளோடு இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போக வருடா வருடம் நிரப்பியதுதான். பெயரை எழுதினேன், மார்கழித் தேதிகளை எழுதினேன். ஆத்தாவைப் பார்க்க என்பதை எங்கே எழுதுவது என்று தேடினேன். முன்பக்கத்தில் இல்லை. பின்பக்கத்தைத் திருப்பினேன், அது வெறும் தாள். காரணம் என்று ஒரு கட்டமே அந்தப் படிவத்தில் இல்லை. இத்தனை வருடங்களில் யாரும் என்னிடம் கேட்டதே இல்லை.